தறி ஓடும் வீட்டில் சொந்தப் பாட்டைப் பதிவு செய்ய முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாபேட்டையில் வீடு, பின்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிப் பட்டறை. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஏழு பாட்டு எழுதி மெட்டுப் போட்டிருக்கிறார்கள். குரல், கிட்டார், கீபோர்டு, பறை. புல்லாங்குழலுக்குத் தெரிந்தவர் ஒருவர் வருவார். கையில் 25,000 ரூபாயும் ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கின்றன. போனில் பதிவு செய்து கேட்டால் டப்பாவுக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. எந்த மைக் வாங்குவது, தறிச் சத்தத்தை எந்த சாஃப்ட்வேர் நீக்கும், ஏற்காட்டில் மாமா வீட்டுக்குப் போய்விட்டால் பிரச்சினை தீருமா, இல்லை பணத்தை ஸ்டூடியோவுக்கே கொடுத்துவிடலாமா?

தம்பி, நானும் சேலத்தில்தான் 15 வருடமாக வீட்டிலேயே பதிவு செய்துகொண்டிருக்கிறேன். அதில் எட்டு வருடம் பொன்னம்மாபேட்டைப் பக்கம், இரண்டு பக்கமும் தறி ஓடிய வாடகை வீட்டில். அதனால் உங்கள் சுவர் எப்படி அதிரும் என்று எனக்குத் தெரியும். மைக்கைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். நல்ல பதிவு மூன்று விஷயங்களில் இருக்கிறது: எந்த அறையில் நிற்கிறீர்கள், எந்த நேரத்தில் பாடுகிறீர்கள், வாய்க்கும் மைக்குக்கும் எத்தனை விரல் இடைவெளி. இந்த மூன்றுக்கும் காசு வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

முதலில் அந்த டப்பா சத்தம். போனை இரண்டு மூன்று அடி தள்ளி வைத்திருப்பீர்கள். வாயிலிருந்து நேராக வரும் குரலும், சுவரில் பட்டுச் சில மில்லி நொடி தாமதமாக வரும் அதே குரலும் கலந்து ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் விடுகின்றன. டப்பா என்று உங்கள் காது சொல்வது அதைத்தான். நம் ஊர் வீட்டு அறை என்றால் பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. சிமென்ட் பூச்சு, தரையில் டைல்ஸ், மூலையில் இரும்பு பீரோ. ஒலிக்கு இதைவிடக் கஷ்டமான இடம் அமைவது அரிது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர், போய்த் திரும்ப 6.1 மீட்டர். 343ஐ அதால் வகுத்தால் 56 வரும். 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸிலும் அறையே உங்களோடு சேர்ந்து முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுவேறாக இருந்தால் இந்த முழக்கம் பிரிந்து பரவியிருக்கும். மூன்றும் பத்தடி என்பதால் ஒரே சுரத்தில் குவிகிறது. கிட்டாரின் ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் கீழ்ப்பகுதியும் அங்கேதான் இருக்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அறை மூலையில் சுவரைப் பார்த்து நின்று, உங்களால் முடிந்த அளவு கீழ் சுருதியில் ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள். ஒரு இடத்தில் திடீரென்று குரல் இரண்டு மடங்கு பெரிதானது போலக் கேட்கும், பீரோ கதவுகூட லேசாக அதிரலாம். அந்தச் சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அறையின் நடுவை நோக்கி நகர்ந்தபடி அதையே பாடுங்கள்; ஓர் இடத்தில் அடங்கும். பாடுகிறவர் நிற்க வேண்டிய இடத்தை இப்படித்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டாதீர்கள். நாமக்கல் பக்கத்தில் இருப்பதால் அது சுலபமாகக் கிடைக்கிறது, நிறையப் பேர் ஒட்டவும் செய்கிறார்கள். அது ஒலியை உறிஞ்சாது, தீ மட்டும் சீக்கிரம் பிடிக்கும். ஒரு அங்குல ஃபோம் வாங்கினால் மேல் அலைவரிசையை மட்டும் தின்னும்; அறை மந்தமாகும், கீழ்முழக்கம் அப்படியே இருக்கும். நானும் ஆரம்பத்தில் ஒரு சுவர் முழுக்க ஃபோம் ஒட்டி, ஆறு மாதத்தில் பிய்த்து எடுத்தேன். கனமான பொருள்தான் வேலை செய்யும். பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டை எடுத்து, பாடுகிறவருக்குப் பின்னால் வி வடிவத்தில் நிறுத்துங்கள். மைக்குக்குப் பின்னால் நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. நாம் வாங்கும் மைக் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் கேட்கும், அதாவது பாடகரையும் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அந்தச் சுவரை மூடினால் போதும். தரைக்குப் பவானி ஜமக்காளம் போடலாம். டைல்ஸில் தெறிக்கும் சத்தம் குறையும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் ஊரில் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நூல் மூட்டை அடுக்கி வைத்திருக்கும் அறை தெரிந்தவர் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பருத்தி நூல் மூட்டைகள் மூன்று சுவரிலும் தோள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அந்த அறைக்குள் போய்க் கை தட்டினால் சத்தம் அங்கேயே விழுந்துவிடும், திரும்பி வராது. கஞ்சி வாசமும் புழுக்கமும் தாங்க முடியாது, பாடகர் இரண்டு பாட்டுக்கு ஒரு முறை வெளியே வந்து மூச்சு வாங்க வேண்டும். ஆனால் அங்கே எடுத்த குரலுக்கு ஈக்யூவில் (கீழ், மேல் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) நான் கை வைக்க வேண்டியதே இருக்கவில்லை. ஒன்றரை அடி கனத்துக்குப் பருத்தி என்பது எந்தக் கடையிலும் கிடைக்காத சிகிச்சை.

அடுத்தது தறி. எந்த சாஃப்ட்வேர் நீக்கும் என்று கேட்டீர்கள். ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தை நீக்கக் கருவிகள் இருக்கின்றன. அந்தச் சத்தத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டு கழித்துவிடும். தறி அப்படியில்லை. நாடா (ஊடைநூலைச் சுமந்து ஓடும் கட்டை) ஓடி அடிக்கும் ஒவ்வொரு அடியும் தனித்தனி. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் விழும் அடியைக் குரலுக்கு அடியிலிருந்து உருவினால் குரலும் கிழிந்து வரும், தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். இன்னொன்றை நான் அனுபவத்தில் கண்டேன். தறிக்கு ஒரு வேகம் உண்டு. பாட்டின் வேகம் அதற்குப் பக்கத்தில் இருந்தால், காதில் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) ஓடினாலும் பாடுகிறவரின் தாளம் மெல்லத் தறியின் பக்கம் சாய்ந்துவிடும். ஹெட்ஃபோன் போட்டிருந்தாலும் காலடி வழியாக அது ஏறிவிடுகிறது. முதலில் பாடகரைத்தான் குறை சொன்னேன். அவரையே வேறு வீட்டில் பாட வைத்தபோதுதான் புரிந்தது.

ஆகவே தறியோடு சண்டை போட வேண்டாம், அது நிற்கும் நேரத்தில் பாடுங்கள். தறி நிற்கும் நேரம் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும்: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முந்தின நாள் பேப்பரிலேயே எந்தெந்தப் பகுதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று வந்துவிடும். எல்லாரும் அலுத்துக்கொள்ளும் அந்த நாள்தான் எனக்குப் பதிவு நாள். காலையில் கரண்ட் போனதும் தெருவே ஒரு மூச்சு விட்டு அடங்கும். தறி இல்லை, ஃபேன் இல்லை, பக்கத்து வீட்டு மிக்சி இல்லை, ஃபிரிட்ஜ் ரீங்காரம் இல்லை. கம்பியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே இல்லாததால் கிட்டார் பிக்கப்பில் வரும் ஹம்முகூட இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடும், யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்ன இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) அதிலேயே வேலை செய்யும், கண்டென்சர் மைக்குக்கு (நுண்ணிய சத்தத்தையும் வாங்கும், மின்சாரம் கேட்கும் வகை) தேவையான 48 வோல்ட்டையும் அதுவே கொடுத்துவிடும். ஒரு முறை காலை ஒன்பதே காலுக்கு ஆரம்பித்து, பேட்டரி தீர்வதற்குள் மூன்று பாட்டுக்கு முழுக் குரலையும் எடுத்தோம். வியர்வை சொட்டச் சொட்டப் பாடினார். இன்றைக்கும் அந்த மூன்று பாட்டின் குரல்தான் எனக்குப் பிடித்த பதிவு. பேட்டரி பழையதாகிவிட்டது என்றால் மைக்குக்கு முன் அதை மாற்றுங்கள். இன்வெர்ட்டரில் சார்ஜ் போட்டுக்கொண்டே பதிவு செய்யாதீர்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்கள் தரும் மின்சாரத்தின் அலை சுத்தமாக இருக்காது, பாட்டு முழுக்க ஒரு கிரீச்சொலி ஏறிவிடும். பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த கடை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்தடைக்குக் காத்திருக்க முடியாது என்றால் தூரம்தான் வழி. வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், தறிச் சத்தம் அதே அளவில்தான் இருக்கும். 40 சென்டிமீட்டரில் நிற்கிறவர் 10 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். டைனமிக் மைக் (மேடையில் பிடித்துப் பாடும், மின்சாரம் வேண்டாத வகை) வெளிச்சத்தத்தை வாங்காது என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. அதில் ஒட்டி நின்று பாடுகிறோம் என்பதால்தான் வெளிச்சத்தம் குறைகிறது. தள்ளி நின்றால் அதுவும் எல்லாவற்றையும் வாங்கும். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம், ஆகவே அதன் முதுகைத் தறிச் சுவரை நோக்கித் திருப்புங்கள். மைக் ஸ்டாண்டைத் தரையில் வைக்காமல் மடித்த மெத்தைமேல் வையுங்கள், தரை அதிர்வு ஏறாது. ஒட்டிப் பாடினால் கீழ்ச்சத்தம் தடிக்கும், 80லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் ஓரளவு சரியாகும். வரியின் ஆரம்பத்தில் பகரம் வந்தால் காற்று மைக்கில் மோதும். வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு கட்டைவிரல் அளவு பக்கவாட்டில் நகர்த்தி வைத்தால் பாதி குறையும், மீதிக்கு மைக்குக்கு முன்னால் நிறுத்தும் வலை, பாப் ஃபில்டர்.

சரி, இப்போது சாமான். பட்ஜெட்டில் பாதி இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸுக்குப் போகட்டும். மீதியில் ஒரு மைக், காதை முழுக்க மூடும் கம்பி வைத்த ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, கேபிள். உங்கள் வீட்டுச் சூழலுக்கு ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக்கை எடுக்கச் சொல்வேன். 1966லிருந்து மேடையில் அடிபட்டு நிற்கும் மைக் அது, கீழே விழுந்தாலும் பாடும். போலி நிறைய நடமாடுகிறது, பாதி விலைக்கு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். நூல் மூட்டை அறை கிடைத்துவிட்டால் கண்டென்சருக்குப் போகலாம். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பதிவு செய்ய முடியாது, நூறு மில்லி நொடிக்கு மேல் தாமதமாகும், தாளமே நிற்காது. சாஃப்ட்வேருக்கு ரீப்பர் போதும். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் பஃபர் என்று ஒரு அமைப்பு இருக்கும், லேப்டாப் ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து வைத்து வேலை செய்கிறது என்பது அது; கூடினால் தாமதமும் கூடும். பாடும்போது பஃபர் 128, மிக்ஸ் செய்யும்போது 1024. 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்றால் மூன்று மில்லி நொடிக்கும் குறைவு, 1024 என்றால் 21. 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பு விளக்கைத் தொடும் வரை ஏற்ற வேண்டிய அவசியம் 24 பிட்டில் இல்லை.

மைக்கில் கை வைக்கும் முன் சுருதியை முடிவு செய்யுங்கள். கீபோர்டுக்காரருக்கு வசதி என்று எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை சுருதியில் (சி) வைத்துவிடுவது வீட்டுப் பதிவுகளில் நான் அடிக்கடி காணும் தவறு. பாடகர் ஒன்றரைக் கட்டையில் நிம்மதியாகப் பாடுவார் என்றால் பாட்டு ஒன்றரையில்தான் இருக்க வேண்டும், கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் அதற்குத்தான் இருக்கிறது. சரணத்தின் உச்சத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறதா என்று பார்த்து அரைக் கட்டை இறக்குவது, எந்த விலை மைக்கும் செய்யாத உதவி. பறைக்கும் இப்படி ஒரு கவனம் தேவை. தீயில் காய்ச்சி எடுத்தவுடன் கணீரென்று இருக்கும் தோல், சில நிமிடத்தில் இறங்க ஆரம்பிக்கும். முதல் சரணத்தில் ஒரு சத்தம், கடைசிச் சரணத்தில் இன்னொன்று என்று ஆகிவிடும். மொட்டை மாடியில் ஆறேழு அடி தள்ளி மைக்கை வைத்து, ஒவ்வொரு டேக்குக்கும் முன் புதிதாகக் காய்ச்சி, இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற துண்டுகளாக எடுங்கள். அறைக்குள் பறையை எடுக்க வேண்டாம், அந்தப் பத்துக்குப் பத்து அதைத் தாங்காது.

ஏற்காட்டைப் பற்றி. நானும் போயிருக்கிறேன், ஒரு சொந்தக்காரரின் காப்பித் தோட்ட வீட்டில் நான்கு நாள் தங்கிப் பதிவு செய்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் அமைதியாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம். பகலில் உண்மைதான், ஒரு பைக் போனால்கூட நிமிடக் கணக்கில் கேட்கும் அளவுக்கு அமைதி. பொழுது சாய்ந்ததும் சில்வண்டு ஆரம்பித்துவிடும். அது குரலின் சகரமும் ஸகரமும் இருக்கும் அதே மேல் அலைவரிசையில் கத்தும், பிரிக்கவே முடியாது. மழை வந்தால் தகரக் கூரை. இதோடு பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. ஈரம் கண்டென்சர் மைக்கின் தகட்டில் இறங்கினால் பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம் வரும். எங்களுக்கு இரண்டாம் நாள் காலையில் வந்தது. மைக்கை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் அரை நாள் மூடி வைத்தபின்தான் சரியானது. பறைத் தோல் இன்னும் வேகமாகத் தொய்ந்தது. புல்லாங்குழல்தான் எங்களுக்குப் பெரிய பாடம். காற்று குளிர்ந்தால் குழலின் சுருதி இறங்கும். கீழே சேலத்து வெயிலில் பதிவு செய்த கீபோர்டோடு, மேலே காலைக் குளிரில் வாசித்த குழல் சேரவே இல்லை, காதுக்கு நன்றாகவே தெரிந்தது. மதியம் ஒரு மணி வரை காத்திருந்து, வாசிக்கும் முன் குழலுக்குள் நன்றாக ஊதிச் சூடேற்றி எடுத்தோம். ஆகவே மாமா வீட்டுக்குப் போங்கள், ஆனால் குரலுக்கும் கிட்டாருக்கும் மட்டும், காலை பத்திலிருந்து நான்கு மணிக்குள். மழை மாதங்களில் வேண்டாம்.

தனித்தனியாக எடுத்த பதிவுகளைக் கலந்து ஒரே பாட்டாக்கும் மிக்சிங்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலோர் பாட்டைக் கெடுப்பது இங்கேதான். பேசும்படம் வந்த புதிதில் கேமராவுக்கு முன்னால் நடிகரே பாடுவார், வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே மறைந்து நின்று வாசிப்பார்கள். பதிவானதைப் பிற்பாடு பிரித்துக் கூட்டிக் குறைக்கிற வசதி கிடையாது. யாருடைய சத்தம் குறைய வேண்டுமோ அவரைத் தள்ளி நிறுத்த வேண்டும். மிக்சிங் என்பது இன்றும் அதே வேலைதான்: யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது. எல்லா வாத்தியத்தையும் முன்னே நிறுத்தினால் யாருமே தெரிய மாட்டார்கள். உங்கள் பாட்டு சினிமாப் பாட்டை விடச் சின்னதாகக் கேட்பதற்குப் பெரிய காரணம் இது.

முதல் நாள் ஈக்யூ, கம்ப்ரஸர் (உரத்த சத்தத்தைத் தானே அடக்கும் கருவி) எதையும் திறக்காதீர்கள். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் மட்டும். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, குரலை மட்டும் ஒரு வசதியான அளவில் வைத்து, பறை, கிட்டார், கீபோர்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பாட்டு வரி எந்த இடத்திலாவது புரியாமல் போனால், கடைசியாக ஏற்றியதை இறக்குங்கள். பேச்சுச் சத்தத்தைத் தாண்டாத அளவில் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து வெளியே நடந்துவிட்டு வாருங்கள். களைத்த காது மேல் அலைவரிசையைக் கூட்டிக்கொண்டே போகும். இந்தக் கட்டத்திலேயே பாட்டு பாதி நன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவிலோ வாத்திய அமைப்பிலோ கோளாறு, பிளக்இன் (ஈக்யூ, கம்ப்ரஸர் போன்ற கூடுதல் கருவி) போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. பெரும்பாலும் கீபோர்டுக்காரர் இடது கையால் பிடிக்கும் கார்டும் கிட்டாரும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டிருக்கும். இடது கையை எடுக்கச் சொல்லுங்கள்.

கிட்டார் அகலமாகக் கேட்க வேண்டுமா, ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து ஒன்றை இடப்பக்கம், மற்றதை வலப்பக்கம் தள்ளுங்கள். ஒரு டிராக்கைக் காப்பி செய்து இரண்டு பக்கமும் போட்டால் சத்தம்தான் கூடும், அகலம் வராது. இரண்டு கைவாசிப்புக்கும் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுதான் அந்த அகலம்.

ஈக்யூவில் முதலில் வெட்டுங்கள். 200லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரையில்தான் நம் வீட்டு அறைகளின் சேறு சேரும். குரலிலும் கிட்டாரிலும் அங்கே இரண்டு மூன்று டெசிபல் எடுத்தாலே திரை விலகிய மாதிரி இருக்கும். கம்ப்ரஸரில் தமிழுக்கென்று ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ‘பட்டம்’, ‘பக்கம்’, ‘காற்று’ என்று இரட்டிக்கும் வல்லினம்தான் நம் வரிக்குத் தாளம் கொடுக்கிறது. அட்டாக்கை, அதாவது கம்ப்ரஸர் அடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை, ஒன்றிரண்டு மில்லி நொடியில் வைத்தால் அந்த வெடிப்பு நசுங்கிப்போகும், வரி கொழகொழவென்று ஆகிவிடும். 15லிருந்து 30 மில்லி நொடி வைத்து மெய்யெழுத்தைத் தாண்ட விட்டு, பின்னால் வரும் உயிரைப் பிடியுங்கள். விகிதம் மூன்றுக்கு ஒன்று, உச்சத்தில் நான்கைந்து டெசிபல் குறைந்தால் போதும். பதிவின்மேல் செயற்கையாகச் சேர்க்கும் முழக்கமான ரிவர்பும் அப்படித்தான். 20லிருந்து 40 மில்லி நொடி முன்தாமதம் வைத்தால் சொல் முதலில் தெளிவாக விழும், முழக்கம் பின்னால் வரும். ரிவர்பின் கீழ்ப்பகுதியை 250 ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிடுங்கள்.

சுருதி திருத்தும் கருவியை வேகமான அமைப்பில் போடவே போடாதீர்கள். அது ஒவ்வொரு சுரத்தையும் பக்கத்துக் கட்டத்தில் இழுத்து நிறுத்தும். நம் இசையில் சுரம் நிற்பதில்லை, அசைகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசையாமல் நிறுத்தினால் அது தோடியே இல்லை. உங்கள் பாட்டு மெல்லிசைதான் என்றாலும் பாடகர் இயல்பாகப் போடும் சின்ன அசைவுகள் எல்லாம் செத்துப்போகும். பிசகிய ஒரு சுரத்தை மட்டும் கையால் தொட்டுத் திருத்துங்கள். அதைவிட நல்லது, ஒவ்வொரு வரிக்கும் ஐந்து டேக் எடுத்து நல்லதைப் பொறுக்கிச் சேர்ப்பது.

மிக்ஸ் முடிந்ததும் கேட்க வேண்டிய இடங்கள்: போன் ஸ்பீக்கர், பிறகு டவுன் பஸ். புது பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாபேட்டை வரும் பஸ்ஸில் இயர்ஃபோனில் கேட்டு, வரி புரிகிறதா என்று பாருங்கள். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட எதுவும் வராது. பாஸ் முற்றிலும் காணாமல் போனால் அதற்கு லேசாக சாச்சுரேஷன் (ஒலியில் சேர்க்கும் மெல்லிய சிதைவு) கொடுத்து மேல் சுரங்களைக் கிளப்ப வேண்டும். பிடித்த சினிமாப் பாட்டோடு ஒப்பிடும்போது அந்தப் பாட்டின் சத்தத்தை உங்கள் பாட்டின் அளவுக்கு இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள், இல்லையென்றால் சத்தமாக இருப்பதையே நல்லது என்று காது நம்பிவிடும். கடைசி அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு முழுக்கச் சராசரியாகக் காதுக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) பக்கம், உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் அதைவிடச் சத்தமானதை எப்படியும் இறக்கிவிடும்.

மிச்சம் இருப்பது ஸ்டூடியோ. ஒரு காலத்தில் 1935இல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையிலேயே இருந்தது, நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம். இன்று அதன் முகப்பு வளைவைக் கடந்துதான் மலைக்குப் போகிறோம். அதைக் கடக்கும்போதெல்லாம் இந்த ஊரில் இருந்துகொண்டே பாட்டுச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் 25,000த்தையும் ஸ்டூடியோவில் கொடுத்தால் ஓரிரண்டு பாட்டு கிடைக்கும், ஏழு கிடைக்காது. மணிக்கணக்கு ஓடும் பதற்றத்தில் பாடகரின் குரலும் இறுகும். ஏழையும் வீட்டிலேயே எடுங்கள். நன்றாக வந்த ஒன்றிரண்டை மட்டும் பிற்பாடு காசு சேர்த்து வெளியே மிக்ஸுக்குக் கொடுக்கலாம்.

அப்படிக் கொடுக்கும் முன் ஒரு காகிதத்தில் வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கும் இசைக்கும் உரிமை எழுதியவர் காலமான பின்னும் 60 வருடம் இருக்கிறது, பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தால்தான் உரிமை என்றும் இல்லை. நண்பர்களுக்குள் எதற்கு என்று விட்டுவிட்ட ஒரு குழு, ஒரே ஒரு பாட்டு கொஞ்சம் பேசப்பட்டதும் பேச்சுவார்த்தையே இல்லாமல் பிரிந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அப்புறம், ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே ஆரம்பிக்கும்படி, 24 பிட் வேவ் கோப்பாக, பிளக்இன் எதுவும் இல்லாமல் தனித்தனியாக எடுங்கள். பெயரில் பாட்டு, வாத்தியம், வேகம், கட்டை நான்கையும் எழுதுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு யாராவது வீட்டில் இருக்கட்டும்.